இரு கையும் சேர்த்துத் தொடு

நாகாஓகா
பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுப்பதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டதால் எழுதுகிறேன். இங்கே பனி ஜன்னலை மறைத்துவிட்டது. கூரையில் ஏறித் தள்ள என் முழங்கால் விடவில்லை, ஆள் வைத்துக்கொண்டேன். நீ அனுப்பிய முள்ளங்கி ஊறுகாய் வந்து சேர்ந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் மூத்தோருக்கு நடக்கும் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டியில் ஐம்பது மீட்டர் பட்டர்ஃபிளைக்கு மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறாய். இந்த முறை குளத்தின் மறுகோடித் திருப்பத்தில் நிற்கும் நடுவர் நான். அறுபத்து மூன்று வயதில், முதுகெலும்பில் கம்பியும் திருகாணியுமாக, உனக்கு ஏன் இந்த வேலை? போன வருடம் பார்வையாளர் வரிசையில் ஒருவன் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "தவளைக்கு றெக்கை முளைச்ச மாதிரி இருக்கே, யாருப்பா அது?" கல்லூரி நாளில் மாகாணச் சாம்பியனாக இருந்தவன் நான். அது என் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

பெயரை வாபஸ் வாங்கிவிடு. வசந்தத்தில் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போகிறேன். இடுப்புக்கு அதுதான் நல்லது.

உன் தம்பி,
ஷுன்ஜி


நியிகாடா
பிப்ரவரி 20

அன்புத் தம்பி ஷுன்ஜிக்கு,

ஊறுகாய் உப்பாக இருந்தால் கழுவித் தின்னு. பெயரை வாபஸ் வாங்க மாட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்த வருடம் எனக்குக் காலுறை மாட்டிவிடக்கூட ஆள் வேண்டியிருந்தது, நினைவிருக்கிறதா? இந்த இடுப்பு இனி வளையாது என்று டாக்டர் சொன்னார். பட்டர்ஃபிளை நீந்த உடம்பு அலை மாதிரி வளைய வேண்டும். என்னுடையது பலகை. அதனால் எங்கள் பயிற்சியாளர் மிசாகியும் நானும் வேறு வழி பார்த்தோம். கைகள் பட்டர்ஃபிளை, கால்கள் தவளை உதை. மாஸ்டர்ஸ் விதி அதை அனுமதிக்கிறது; நடுவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மேடையிலிருந்து குதிக்க எனக்குத் தடை, ஆகவே தண்ணீருக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறேன். முதல் வருடம் பாதிக் குளத்தில் மூச்சு முட்டி நின்றவள், இப்போது நிற்காமல் போய்த் திரும்புகிறேன். அழகாக இல்லை என்பது எனக்கும் தெரியும்.

சிரித்தவனைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல். நான் விதி மீறி, நடுவராக நீ கை தூக்க வேண்டி வந்தால் தாராளமாகத் தூக்கு.

முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்.

அக்கா,
கினுயோ


நாகாஓகா
ஜூன் 15

அக்கா,

கை தூக்கிவிட்டேன். திருப்பத்தில் உன் இடது கை சுவரில் முதலில் பட்டது, வலது கை பிறகுதான் வந்தது. என் கண்ணுக்கு நேரே நடந்தது. நீ முழுத் தூரமும் நீந்தி முடித்த பிறகு தகுதி நீக்கம் என்று அறிவித்தபோது, நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மன்னித்துவிடு.

ஷுன்ஜி


நியிகாடா
ஜூன் 22

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடு முதலில். மன்னிப்பை நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம்.

நான் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் கோபம் இல்லை. என் கழுத்தும் சரியாகத் திரும்பாது, மறந்துவிட்டாயா?

தலைமை நடுவர் உன்னிடம் வந்து பேசியதை மிசாகி பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். "வயசான அம்மா, முதுகுல ஆபரேஷன் வேற. பாத்தும் பாக்காம விட்டுடலாமே" என்றாராம். அதற்கு நீ, "அவங்க போட்டிக்கு வந்திருக்காங்க சார், வேடிக்கை காட்ட வரலை. ரெண்டு கையும் சேர்ந்து தொடணும்" என்றாயாம். அதை அவள் சொன்னபோது உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடமாக எல்லோருக்கும் நான் பாவம். அன்றுதான் ஒருவன் என்னை நீச்சல்காரியாகப் பார்த்துத் தப்பு என்று சொன்னான்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டோம். வலது தோள் இறுகியிருப்பதால் அந்தக் கை தாமதிக்கிறது. சுவர் நெருங்கும்போது அவசரமாக ஒரு வீச்சு போடாமல், இரண்டு கையையும் நீட்டி அப்படியே சறுக்கிப் போய்த் தொட வேண்டும். பழகுகிறேன். வலிக்கத்தான் செய்கிறது. மறுநாள் படுக்கையிலிருந்து உருண்டுதான் எழுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முழங்கால் போனதிலிருந்து நீ கரையிலேயே நிற்கிறாய். பழையபடி நீந்த முடியாதவன் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று உனக்கு எந்த விதிப் புத்தகம் சொன்னது?

அக்கா,
கினுயோ


நாகாஓகா
நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இலையுதிர்காலப் போட்டியிலும் நான்தான் திருப்பத்தில் நின்றேன். குனிந்து, மூக்கு தண்ணீரில் படுகிற அளவுக்குப் பார்த்தேன். இரண்டு கையும் ஒன்றாகப் பட்டன. கடைசிச் சில மீட்டரில் பக்கத்து வரிசைப் பெண்ணை நீ தாண்டினாய். அவள் உடம்பு அலையாய் வளைகிறது, உன்னைவிட வயதும் குறைவு. ஆறு பேரில் நீ ஐந்தாவது. உன் நேரம் முன்பைவிட எவ்வளவோ குறைந்திருக்கிறது. பின்னாலிருந்து யாரோ, "யாருங்க அந்தம்மா?" என்றார்கள். "எங்கக்கா" என்றேன்.

நேற்று நானும் குளத்துக்குப் போனேன். பாதி தூரத்தில் மூச்சு வாங்கி, வரிசையைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் குழு அடுத்த வருடம் ஆண்களும் பெண்களும் கலந்த தொடர் நீச்சலில் இறங்குவதாகக் கேள்விப்பட்டேன். ஆண்களில் ஓர் இடத்தை எனக்குக் கொடு. ஃப்ரீஸ்டைல் நீந்துகிறேன். மாகாணச் சாம்பியன் ஒருவன் இருந்தால் குழுவுக்கும் பெருமைதானே.

உன் தம்பி,
ஷுன்ஜி


நியிகாடா
நவம்பர் 12

அன்புத் தம்பி ஷுன்ஜிக்கு,

இடம் இல்லை.

ஃப்ரீஸ்டைலுக்கு ஓட்சுகா அண்ணன் இருக்கிறார். வயது எழுபத்தொன்று, நுரையீரல் ஒன்றுதான். ஆனால் பாதி தூரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்குவதில்லை. பழைய பட்டத்துக்காக அவரை எழுப்பிவிட்டு உன்னை உட்கார வைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வா. மெதுவாக நீந்துகிறவர்களின் வரிசையில் சேர்ந்துகொள். முட்டியை மடக்காமல் உதைக்க மிசாகி ஏதோ வழி வைத்திருக்கிறாள். அவளுக்கு உன் வயதில் பாதிகூட இல்லை, முகம் சுளிக்காமல் சொல்வதைக் கேள்.

நீ வருவதை ஓட்சுகா அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "சாம்பியனா? வரச் சொல்லுங்க. என்னை ஜெயிச்சிட்டு எடத்த எடுத்துக்கட்டும்" என்றார். நேற்றிலிருந்து கூடுதலாக நீந்திக்கொண்டிருக்கிறார்.

அக்கா,
கினுயோ