பின்னறைக்கு எட்டிய வைஃபை

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். நீதான் போன வாரம் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தாயாம், உன் அக்கா சொன்னாள். அவள் உன்னை எங்கே பார்த்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ போனில் சொன்னபடியே அலமாரியில் கிடந்த உன் பழைய வைஃபை பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, நேற்றுக் காலை இன்டர்நெட் கம்பெனிக்காரரை வரவழைத்தேன். மாடியில் அக்கா வீட்டுப் பெட்டியிலிருந்து வரும் சிக்னல் என் பின்னறைக்கு வருவதற்குள் செத்துவிடுகிறது, பிள்ளைகளுக்கு வீடியோவில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பாதிக் கணக்கில் என் முகம் உறைந்து நிற்கிறது என்றேன். "பழசுன்னாலும் நல்ல பெட்டிதாம்மா, மேலேருந்து ஒயர் இழுத்து இதுல குடுத்துட்டா போதும்" என்றார். இரண்டு பெட்டியும் நாட்டாமை செய்தால் குழப்பம் வருமாம், அதனால் மாடிப் பெட்டியைப் பெரியதனம் பண்ணவிட்டு, இதை வாங்கிக் கடத்துகிற வேலைக்கு மட்டும் வைத்தார். பிறகு மாடிப் பெட்டியில் எதெல்லாம் இணைந்திருக்கிறது என்று பட்டியலைக் காட்டினார். என் போன், அக்கா போன், மாப்பிள்ளை கம்ப்யூட்டர். அதற்குக் கீழே, முன்பு இணைந்தவை என்ற வரிசையில், 'குண்டூசி'. நான் உனக்கு வைத்த பட்டப்பெயர், உன் போனுக்கு நீயே வைத்துக்கொண்ட பெயர். போன செவ்வாய் முதல் வியாழன் வரை.

புதன்கிழமை நீ வெளிநாட்டில் இருப்பது போலவே வீடியோவில் வந்து அங்கே ஒரே குளிர் என்றாய், காதை மூடிக்கொள் என்று நானும் சொன்னேன். தலைக்கு மேலே யாரோ நடக்கிறார்களே என்று அன்று அக்காவைக் கேட்டதற்கு "வாஷிங் மெஷின் ஆடுதும்மா" என்றாள். வாஷிங் மெஷினுக்கு என்றைக்கடா கால் முளைத்தது? நேற்று மாடியேறிப் போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினாள், அப்புறம் அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் பேசியிருக்கிறீர்கள். வியாழன் காலை நான் கண் டாக்டரிடம் போயிருந்தபோது கட்டடக்காரரைக் கூட்டிவந்து என் பின்னறையை டேப் பிடித்து அளந்திருக்கிறீர்கள். அந்த டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கிக்கொடுத்தவனும் நீதான். "அம்மாகிட்ட கடைசியா சொல்லிக்கலாம், கையெழுத்துதானே" என்றாயாமே.

கூரை ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியாதா? நேரில் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சம்மதித்தும் இருப்பேன். அவளாவது கூடவே இருக்கிறவள், உன் பேச்சைத் தட்டமாட்டாள். நீ கடல் தாண்டி வந்தவன், மாடிப்படி இறங்கி வர உனக்குக் கால் வரவில்லை. இடிக்கப்போகிற அறைக்கு வைஃபை இழுக்க வழி சொன்னாயே, அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போல, அதுதான் எனக்கு ஆறவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்கும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன்.

பெட்டி நன்றாக வேலை செய்கிறது, அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. இன்று முழுக் கணக்கும் தடங்கலில்லாமல் முடித்தேன். எங்கிருந்தாலும் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டேன், புதியதை என்னிடம்தான் கேட்டு வாங்க வேண்டும், உன் அக்காவே காலையில் கீழே இறங்கி வந்துதான் வாங்கிக்கொண்டு போனாள்.

உன் அம்மா