எண்ணெய் அளக்க ஒரு சமதரை

என்னைத் திட்டவும் என்னோடு சிரிக்கவும் உரிமையுள்ள ஒரே ஆளான என் வடிவக்காவுக்கு,

நான் கார் வாங்கிவிட்டேன். தொட்டுப் பார்த்தால்தான் நீ நம்புவாய், அதற்கு நான் எங்கே போவேன்? கரும்பச்சை நிறம். பழைய வண்டிதான். இந்தத் தீவை விட்டு மாற்றலாகி மெயின்லேண்டு போன ஓர் அதிகாரி, கப்பலில் ஏற்றும் செலவுக்குப் பயந்து என் தலையில் கட்டிவிட்டுப் போனார். போகட்டும். மெயின்லேண்டிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து எனக்கு மேலே உட்கார்ந்து என் பதவி உயர்வைத் தின்றார்களே, அவர்களில் ஒருவருடைய ஸ்டியரிங்காவது என் கைக்கு வந்தது.

வாங்கியதும் முதல் காரியமாக என்ன செய்தேன் தெரியுமா? அபர்தீன் பஜாரில் எங்கள் சர்வே ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் குடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். அவர் முன்னால் வண்டியை மெதுவாக்கி, ஹாரன் அடித்து, வணக்கம் வைத்து, ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டேன். அற்பத்தனம்தான். ஆனால் அக்கா, அதில் இருந்த சுகம் இருக்கிறதே!

இந்த வயதில் எதற்குக் கார் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். உன் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கார் நிக்கோபார் தீவில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அதிகம் பேசாத பையன். நம் வீட்டில் பேசுவதற்கா ஆள் குறைச்சல்?

நான் கார் வாங்கப்போகிறேன் என்று காதில் விழுந்ததும் பூரணி நேராக என் ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

“மாமா, கல்யாணத்தன்னைக்கு புரோத்ராபூர்லேருந்து கோயிலுக்கு உங்க கார்லதான் வருவேன். அப்பாவோட லாரில ஏற மாட்டேன். ஒரே கொப்பரை நாத்தம்.”

“நான் உங்க வீட்டுக் கேட்டைத் தாண்ட மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல?”

“யாரு தாண்டச் சொன்னா? நீங்க ரோட்டுலயே நில்லுங்க. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நானே வந்து ஏறிக்கிறேன். பஸ்ஸுக்கு ஓடுற மாதிரி ஓடி வரேன், போதுமா?”

இந்த வாயை யாரிடமிருந்து வாங்கினாள் என்று நான் சொல்லவேண்டுமா?

கேட்டைத் தாண்டாத விஷயம் உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தது. வயிற்று வலியில் நீ சுருண்டு கிடந்தபோது துறைமுக ஜெட்டியில் மெட்ராஸ் கப்பல் நின்றது. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இதிலேயே அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். “அடுத்த கப்பல்ல பாக்கலாம்” என்றார் உன் வீட்டுக்காரர். மழைக்காலத்துக் கடல், அடுத்த கப்பல் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் நீ போய்விட்டாய். உன் காரியம் முடிந்த அன்று அந்தக் கேட்டைச் சாத்திவிட்டு வந்தவன், அதன்பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தாய்மாமன் என்ற முறைக்கு எனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் கல்யாணப் பெண்ணே பஸ் பிடித்து வந்து சொல்லிப்போனாள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். புதிதாகக் கார் வாங்கியவனுக்கு ஊரே குரு. இன்ஜின் ஆயிலில் முப்பது, நாற்பது என்று நம்பர் இருக்கிறது. நம்பர் ஏற ஏற எண்ணெய் கெட்டி. “மோட்டா தேல் டாலோ, சாப்” என்று கெட்டி எண்ணெய்க்கு ஓட்டுப் போட்டார் பெங்காலி ஹெட்கிளார்க். லாரிக்கு ஊற்றுவதே போதும் என்றார் மலையாளி டிராஃப்ட்ஸ்மேன். இரண்டு பேரிடமும் சைக்கிள்தான் இருக்கிறது. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். வெப்ப நாடுகளுக்கு நாற்பது என்று போட்டிருந்தது. என் பங்குக்கு நானும் நாற்பது என்று முடிவு கட்டிக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போனேன்.

“நாப்பதுதான் சார் சரி. நம்ம ஊரு மேட்டுல ஏறி ஏறி இன்ஜின் கொதிக்கும். ஆனா டின் இல்ல. கப்பல் வரணும்.”

“அந்த டிரம்முல இருக்கிறது?”

“அது படகுக்காரங்க வாங்குறது. என்ன நம்பர்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். கல்யாணப் பொண்ணை வெச்சிக்கிட்டு அதை ஊத்தலாமா?”

உன் பெண்ணின் கல்யாணம் பஜார் வரைக்கும் தெரிந்திருந்தது, பார்த்தாயா? கப்பலுக்குக் காத்திருந்தேன். கப்பல் வந்தது. சீல் உடையாத நாற்பதாம் நம்பர் டின்களைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப்போல அழைத்துவந்தேன்.

என் குவார்ட்டர்ஸ் உனக்குத் தெரியும். முதல் தடவை வந்தபோது, “இது வீடாடா, ஏணியாடா?” என்று கேட்டாயே. அந்தச் சரிவில்தான் டயருக்குக் கல் வைத்து வண்டியை நிறுத்துகிறேன். பானெட்டைத் திறந்து, ஆயில் ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். அதில் இரண்டு கோடு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. ஊற்றினேன். மறுநாள் பார்த்தேன், அப்போதும் மேலே வரவில்லை. மறுபடி ஊற்றினேன். இப்படி ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், எந்தத் திருப்பத்தில் எவ்வளவு குலுங்கும் என்று பார்த்துவைக்கப் புரோத்ராபூர் பக்கம் ஓட்டிப்போனேன். கராச்சர்மா தாண்டியதும் பின்னால் ஒரே நீலப் புகை. முந்திப்போன பஸ் டிரைவர் தலையை நீட்டி, “சாப், ஜஹாஜ் சலா ரஹே ஹோ க்யா?” என்று கத்தினான். நான் ஓட்டுவது கப்பலாம்! அடுத்த ஏற்றத்தில் வண்டி இருமிக்கொண்டு நின்றுவிட்டது. எங்கே? உன் வீட்டுக் கேட்டுக்கு நேர் எதிரே.

உன் வீட்டுக்காரர் வெளியே வந்தார். நரைத்திருக்கிறார்.

“என்ன மாப்ள, மலேரியா ஆபீஸுக்கு மாத்தலா? கொசுவுக்குப் புகை போட்டுக்கிட்டு வர்றே?”

இத்தனை வருஷம் கழித்துப் பேசுகிற முதல் பேச்சு இது.  பானெட்டைத் திறந்து ஸ்டிக்கை எடுத்தேன். எண்ணெய் கீழ்க்கோட்டில்தான் நின்றது.

“பத்தல. அதான் புகையுது. இன்னொரு டின்னு ஊத்து” என்றார். லாரி வைத்திருப்பவர் அல்லவா, உறுதியாகத்தான் சொன்னார்.

டின்னின் மூடியைத் திருகித் திறந்துவிட்டேன். கல்யாணத்தன்று பூரணி இந்தப் புகையில் இறங்கி நடந்தால்?  அப்போதுதான் ஸ்டிக்கைச் சரியாகப் பார்த்தேன். எண்ணெய்ப் பட்டை ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் கோணலாக இருந்தது. வண்டி சாய்ந்து நிற்கிறது, உள்ளே எண்ணெயும் சாய்ந்து நிற்கிறது. வீட்டிலும் சரிவு, இங்கேயும் சரிவு. அக்கா, இந்தத் தீவில் வந்து குடியேறினவர்களுக்கு நிலம் அளந்து கொடுத்தவன் நான். மட்டம் பார்க்காமல் கருவியை நிறுத்துகிறவனைக் கண்டால் குதறிவிடுவேன். அப்படிப்பட்டவன் சரிவில் நிறுத்திவைத்து எண்ணெய் அளந்திருக்கிறேன்! ரோட்டில் தனியாக நின்று சிரித்தேன். புத்தி பிசகிவிட்டதோ என்று உன் வீட்டுக்காரர் ஓரடி பின்னால் போனார்.

அந்த ரோட்டில் சமதரை ஒன்றே ஒன்றுதான் உண்டு. கேட்டுக்கு உள்ளே, கொப்பரை காயப்போடுகிற சிமெண்ட் களம். நீ கேட்டாய் என்று நானே மட்டம் பார்த்துக் கொடுத்தது.

திறந்த டின்னை மறுபடி மூடினேன். கடைசியில், “மட்டமான எடம் வேணும்” என்றேன். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, டயரைப் பார்த்துச் சொன்னேன்.

 அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பலகையை எடுத்து, களம் நிறையக் காய்ந்துகொண்டிருந்த கொப்பரையை ஓரமாகத் தள்ள ஆரம்பித்தார்.

“அப்பா, அது இன்னும் காயல!” என்று உள்ளேயிருந்து பூரணி ஓடிவந்தாள்.

“காயாட்டிப் போகுது. நீ கேட்டை நல்லாத் தொறந்து விடு.”

மூன்று பேருமாக வண்டியைத் தள்ளினோம். கார் உள்ளே போனது. அதன் பின்னால் நானும் போனேன்.

சூடான எண்ணெய் கீழே இறங்கும்வரை அளக்கக்கூடாது. ஆகவே காத்திருக்கவேண்டும். கோபக்காரர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை உண்டா? பூரணி காப்பி கொண்டுவந்தாள். அவர் கொப்பரைக் குவியலைப் பார்த்தார், நான் காரைப் பார்த்தேன். பிறகு ஸ்டிக்கை எடுத்தால், மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது எண்ணெய்! அளவுக்கு மீறி ஊற்றியதால்தான் அந்தப் புகை. அடியிலிருக்கும் நட்டைத் தளர்த்தி மிச்சத்தை இறக்கியாகவேண்டும். நான் ஸ்பேனரோடு வண்டிக்கடியில் படுத்தேன். மறுபக்கத்திலிருந்து கெரசின் டின்னைத் தள்ளிக்கொண்டு அவரும் வந்து படுத்தார்.

நட்டு சட்டென்று விட்டுக்கொண்டது. “அத்தான், டின்னு! டின்னை இங்க தள்ளுங்க!” என்று கத்தினேன். தள்ளுவதற்குள் பாதி அவர் மீசையில். நான் சிரிக்க, அவர் சிரிக்க, வாய்க்குள் எண்ணெய் போய் அவர் துப்ப, வெளியே நீட்டிக்கொண்டிருந்த எங்கள் நாலு காலையும் பார்த்துப் பூரணி, “க்யா தமாஷா ஹை யே? என்ன கூத்து இது? கல்யாணம் எனக்கா உங்க ரெண்டு பேருக்கா?” என்று சத்தம் போட்டாள். அக்கா, நான் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம்!

எண்ணெய் சொட்டி முடிகிறவரை அப்படியே கிடந்தோம். அப்போது அவர் மெதுவாகச் சொன்னார். “நான் போன்னுதான் சொன்னேன் மாப்ள. அவதான், பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும், அடுத்த கப்பல்ல போறேன்னா. சொன்னா நீ நம்பியிருப்பியா?”

“நம்பியிருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

அப்படியா சொன்னாய், அக்கா? சொல்லக்கூடியவள்தான். ஆனாலும் அவர் உன்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கப்பலில் போட்டிருக்கவேண்டும். நானாவது போட்டிருக்கவேண்டும். அவரை மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுதமாட்டேன். அத்தனை பெரிய மனுஷன் இல்லை உன் தம்பி.

கல்யாணத்தைச் சொல்கிறேன், கேள். அத்தான் முன் சீட்டில் என் பக்கத்தில். பின்னால் பூரணியும் அவள் சிநேகிதிகள் மூன்று பேரும், பூவும் பட்டுமாக அடைத்துக்கொண்டு. ஏற்றத்தில் எல்லாரும் கண்ணாடி வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். இத்தனூண்டு புகைகூட இல்லை. கோயில் வாசலில் நான் மாலை போட்டபோது, “மாமா, கையில எண்ணெய்க் கறை” என்று காதில் சொன்னாள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன்.

நேற்று அவர்களைக் கார் நிக்கோபார் கப்பலில் ஏற்றிவிட்டோம். கப்பல் மறைந்த பிறகும் அத்தான் ஜெட்டியை விட்டு நகரவில்லை. “வீட்டுல யாரு இருக்கா, போறதுக்கு?” என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கார் கதவைத் திறந்துவிட்டேன். பாதி வழியில் திடீரென்று கேட்டார்: “மாப்ள, எனக்கு இதை ஓட்டக் கத்துக் குடுப்பியா?”

“லாரி வெச்சிருக்கீங்க. ஓட்டத் தெரியாதா?”

“டிரைவர் இருக்கானே. யாரு கத்துக் குடுத்தா?”

“நாளைக்குக் காலைல தயாரா இருங்க” என்றேன்.

அக்கா, கவலைப்படாதே. அவருக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இத்தனை வருஷமாகத் திட்டாமல் சேர்த்துவைத்ததையெல்லாம் ஒவ்வொரு கியருக்கும் திட்டித் தீர்ப்பேன். ஆனால் அந்த வீட்டில் அவரைத் தனியாக விடமாட்டேன். இது சத்தியம்.

உன் பின்னால் பிறந்து, இன்னும் உன் பேச்சைக் கேட்கிற
உன் தம்பி