இயந்திரத்தின் திக்கல்

ஜூன் 4
கணினியில் என் கணக்கு இன்று அடம்பிடிக்காமல் ஓடியது. மரபணுவில் ஒரே மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் இடம் ஒன்று. தலைமுறைதோறும் அது எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. குட்டையாக இருந்தால் சாது. எல்லை தாண்டிவிட்டால், அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இன்னும் நீளும். நீள நீள நரம்பு சீக்கிரம் கெடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகத்து ஆட்களின் ரத்தம்தான், ‘நோயற்றவர்’ என்ற பெயரில். போன வருடம் எனக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த அண்ணனும் கையை நீட்டினான். “என்னோடதையும் எடுத்துக்கோங்க, ஓசிதானே!” அவனுக்கு அடுத்து நான்.

ஜூன் 11
கடைசி வரிசையில் அடுத்தடுத்த இரண்டு குழாய்கள் எல்லை தாண்டிக் காட்டுகின்றன. மரபணுவைப் படிக்கும் இயந்திரம் சில சமயம் திக்கும், இல்லாத நீளத்தைக் காட்டும். நோயற்றவரிடம் நீளம் வந்தால் பிழை, தூக்கிவிடு என்று நிரலில் நானே எழுதியிருக்கிறேன். வழக்கம்போலத் தூக்கியாயிற்று.

ஜூன் 12
மறுபடியும் அதே இரண்டு குழாய்கள். மறுபடியும் தூக்கினேன்.

ஜூன் 19
முதல் குழாயை வேறு இயந்திரத்தில் ஓட்டினேன். அதே நீளம். எல்லா இயந்திரமுமா ஒரே இடத்தில் திக்கும்? அதைக் கணக்கில் சேர்த்தேன். திரையில் மற்றக் கோடுகள் நேராகப் போகின்றன. இதன் கோடு மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் இன்னும் இளம் வயதிலேயே முடிகிறது. பின்னால் யாரோ நின்று பார்ப்பது போலிருந்தது. திரும்பினால் யாருமில்லை.

குழாயின் எண்ணைப் பெயர்ப் பட்டியலில் பார்த்தேன். அண்ணன்.

கடைசி வருடத்தில் அப்பாவின் விரல்கள் போர்வையில் எதையோ பொறுக்கிக்கொண்டே இருக்கும். குடியால் வந்தது என்றார்கள். அப்பா எங்கே குடித்தார்?

ஜூன் 22
அண்ணன் வீடு. அண்ணிக்கு ஏழாம் மாதம். கைபேசியில் ஸ்கேனைக் காட்டினார். “பாரேன், விரல் சும்மாவே இருக்க மாட்டேங்குது!” சிரித்து வைத்தேன். மேசைக்கடியில் அண்ணனின் விரல்கள் தொடையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன.

பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தான்.

“சொல்லிடு.”

“என்னத்த?”

“அன்னைக்கு நான் டப்பா குடுக்கவா வந்தேன்? ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். அப்பாவுக்கு வந்தது எனக்கும் இருந்தா நீ சொல்லுவேன்னு இருந்தேன். நீ ஒண்ணுமே சொல்லல. சரி, ஒண்ணும் இல்லன்னு நெனச்சுத்தான் குழந்தைக்கே சம்மதிச்சேன்.”

ஐயோ, எத்தனை தடவை அவனைத் தூக்கி எறிந்திருக்கிறேன்!

ஜூன் 25
நரம்பு மருத்துவரிடம் அண்ணனை அழைத்துப் போனேன். அண்ணியும் வந்தார்.

மாலையில் ‘பிழை, தூக்கிவிடு’ என்ற அந்த விதியை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டாவது குழாயின் எண்ணை இன்னும் பார்க்கவில்லை. அண்ணனுக்கு அடுத்துக் கை நீட்டியது யார் என்று எனக்குத் தெரியும்.