நான்கு பரப்புக்கு நீ சொல்லும் பதில்

அச்சுவேலி
14.10.2025

என் செல்ல மகள் ஆரபிக்கு,

அப்பா சீவரத்தினம் எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பால் நலம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

வட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ போன் எடுத்தபோது குரல் உன்னுடையது, கதை உன்னுடையதில்லை. "என்ரை சீதனக் காணியை உடனை வில்லுங்கோ அப்பா" என்றாய். ஏன் என்று கேட்டால், அங்கே புக் பண்ணின வீட்டுக்குக் காசு வேணுமாம் என்றாய். போன் ஸ்பீக்கரில் கிடந்தது. பக்கத்தில் மருமகன் தொண்டையைச் செருமியதும் கேட்டது. முப்பத்தொரு வருஷம் சீமெந்தும் கம்பியும் விற்றவனுக்கு, விலை கேட்கிற ஆள் யாருக்காகக் கேட்கிறார் என்று முகத்தைப் பார்க்காமலே தெரியும். அதனால்தான் இதைக் குருநகர் யசிந்தாவிடம் கொடுத்துவிடுகிறேன். உன்னோடு படித்த பிள்ளை, லீவு முடிந்து வியாழன் கனடாவுக்கு, உங்கள் ஸ்காபறோவுக்கே திரும்புகிறாள். உன் கையில்தான் தருவேன் என்று சொன்னாள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2022 மாசியில் எங்கள் கடைக்கு வந்த சீமெந்து லொறியிலேயே விற்றுத் தீர்ந்தது. சனம் வரிசையில் நின்றது. வெளிநாட்டுக் காசு பெருகிவிட்டது, கனடாவில் வீடு பொன்னாகப் போகிறது என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். அந்த நேரம்தான் மருமகன் கோபிசங்கர் போன் எடுத்து, கட்டப்போகிற மாடிக் கட்டடத்தில் கொண்டோ வீடு ஒன்றை புக் பண்ணட்டோ மாமா என்று கேட்டார். யோசியாமல் போடுங்கோ தம்பி என்றேன். பிறகுதான் விளங்கியது. சனம் வீடு கட்ட வாங்கவில்லை, நாளைக்கு விலை ஏறிவிடும் என்ற பயத்தில் வாங்கி அடுக்கியது. அடுத்த மாரிக்குள் எத்தனையோ வீட்டு விறாந்தையில் சீமெந்து கல்லாக இறுகிக் கிடந்தது. பயத்தை வளர்ச்சி என்று வாசித்தவன் நான். அந்தக் குற்றம் எனக்கு இருக்கிறது.

இப்போது மருமகன் சொல்கிறார், கனடாவில் வட்டியைக் குறைக்கிறார்கள், இனி விலை ஏறும் என்று. வட்டியை ஏன் குறைக்கிறார்கள்? வியாபாரம் படுத்துவிட்டது என்பதால். வருத்தக்காரனுக்கு டொக்டர் மருந்தைக் கூட்டினால் அவனுக்குச் சுகம் வந்துவிட்டது என்று நாங்கள் சொல்வதில்லையே. வட்டி குறைந்தும் வாங்க ஆள் இல்லை, வாடகையும் இறங்குகிறது என்றால் விலை இன்னும் அடிமட்டத்துக்கு வரவில்லை. யசிந்தா சொன்னாள், அவள் இருக்கும் கட்டடத்தில் மட்டும் பதினொரு வீடு விற்பனைக்கு நிற்கிறதாம். கேட்டு வருபவர்கள் விலையைக் கேட்டுவிட்டுப் போகிறார்களாம். வங்கி அறிக்கையை விட எனக்கு அந்தப் பதினொன்று போதும்.

இங்கேயும் அதுதான் நிலைமை. போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் காணி பார்த்துத் திரிந்தார்கள். இந்த வருஷம் காணி உறுதிப் பத்திரத்தைப் பையில் கொண்டுவந்து, வாங்க ஆள் இருக்கோ என்று என்னிடம் கேட்கிறார்கள். வாங்க வந்தவன் விற்க வந்தால் வேறு கணக்குப் பார்க்கத் தேவையில்லை. உடுப்பிட்டியில் ஒரு பரப்புக் காணி பதினைந்து லட்சம் சொன்னவர்கள் பத்துக்கும் தலையாட்டுகிறார்கள். கடையில் லிண்டல் மட்டத்துக்கு, கதவு நிலைக்கு மேல் வரைக்கும், கம்பி வாங்கியவர்கள் கூரைக்கு வாங்க வரவில்லை.

சரி, பத்துக்கே விற்றோம் என்று வை. உன் நான்கு பரப்புக்கும் நாற்பது லட்சம். உங்கள் காசில் பதினெட்டாயிரம் டொலர் சொச்சம். புக் பண்ணிய விலைக்கும் இப்போது வங்கி மதிக்கிற விலைக்கும் நடுவில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் டொலர் பள்ளம் என்று அவரே சொன்னார். பதினெட்டைப் போட்டு அந்தப் பள்ளத்தின் எந்த மூலையை நிரப்புவது? கணக்குத் தெரிந்த மனுஷன் அவர். அப்போ இந்தக் காசு எதற்கு என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்றாம் நாள், உறுதி எழுதுகிற நொத்தாரிசு கடைக்கு வந்தார். வாளி வாங்குகிற சாட்டில் நின்று, ஆட்கள் போன பிறகு சொன்னார்: "அண்ணை, உங்கடை மகளின்ரை காணியை விக்க அற்றோணித் தத்துவம் ஒண்டு எழுதக் கேட்டிருக்கினம். நீங்கள் அறிவியளோ?" எழுதக் கேட்டது மருமகனின் தமையன் சுபாஸ்கரன். அந்தத் தத்துவப்படி, உனக்குப் பதிலாக விற்கிற அதிகாரம் அவர் பெயருக்கு. என் பெயருக்கு இல்லை. அப்போ காசு போவது உன் கைக்கும் இல்லை, அந்தப் பள்ளத்துக்கும் இல்லை. பத்திரம் கனடாவுக்கு வந்து, நீ கையெழுத்து வைத்தால் சரியாம்.

நான் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் உன் சீதனத்துக்கென்று அந்த நிலத்தை வாங்கும்போது தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றித் தந்தவள்.

எங்கள் யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தில் உன் காணியை நீ விற்கப் புருஷன் சம்மதம் எழுத வேண்டும். அதை அவர் எழுதிவிட்டார் என்று நொத்தாரிசே சொன்னார். ஆனால் உன் ஒப்பம் இல்லாமல் அவரோ தமையனோ ஒரு பிடி மண்ணை விற்க ஏலாது. இதை நீ அறிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பத்திரம் வந்தால் அன்றைக்கே கையெழுத்து வைக்காதே. வாசிக்க வேண்டும் என்று சொல்லு. வாசிக்க எத்தனை நாளும் எடுக்கலாம்.

நீ மனமறிந்து விற்கச் சொன்னால் அடுத்த கிழமையே விற்றுத் தருவேன், பத்துக்கும் விற்பேன், எட்டுக்கும் விற்பேன். மண் எனக்குப் பெரிசில்லை. ஆனால் அந்தச் சொல் ஸ்பீக்கரில் வரக்கூடாது. ஓம் என்றோ வேண்டாம் என்றோ யசிந்தாவிடம் சொல்லு, அவள் எனக்குச் சொல்லுவாள். வேண்டாம் என்றால் வீட்டில் சண்டை பிடிக்காதே. "அப்பா பிடிவாதம், உறுதியைத் தரமாட்டாராம், பேராசை பிடிச்ச மனுஷன்" என்று சொல்லிவிடு. பழியை முழுக்க என்னில் போடு. ஊரில் என்னைப் பற்றி ஏற்கனவே அப்படித்தான் கதை. இன்னும் இரண்டு பேர் சொன்னால் கடை மூடப்போவதில்லை.

பேரப்பிள்ளை தனுசியா வீடியோவில் கதைக்கிறதைக் குறைத்துவிட்டாள். அதையும் கவனித்தேன்.

நகுலேஸ்வரர் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். ஒரேயொரு காரியம் செய், மகள். உன் பாஸ்போட்டையும் தனுசியாவின் பாஸ்போட்டையும் எடுத்து யசிந்தா வீட்டில் வைத்துவிடு. ஏன் என்று நான் எழுதவில்லை, நீயும் கேளாதே. நீங்கள் இரண்டு பேரும் இங்கே வர ரிக்கற் காசு அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த நேரமும் உனக்காக இருக்கும்,
அப்பா