தனி உலை

ஜனவரி 18, வியாழன்

நான் கொஞ்சம் என்றேன். ஜெகதீஸ்வரி அக்கா தட்டு நிறையச் சோறு போட்டார். கையால் மறித்தேன், விரலுக்கு மேலாலேயே கொட்டினார். "போட்டதைச் சாப்பிடு சுகந்தி. வயல் செய்யிற வீட்டிலை சோத்தை அளந்து போடுறதோ?"

இந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர், இரண்டு பேரின் மனைவிமார், ஒரே குசினி, ஒரே அடுப்பு. ஸ்கந்தபுரம் முழுக்க இதைச் சொல்லித்தான் எங்களுக்குப் பெருமை. எனக்கு எவ்வளவு பசி என்பதையும் மூத்தவரின் மனைவியான அக்காதான் முடிவுசெய்வார். அதுவும் அந்தப் பெருமையில் சேர்த்திதான்.

ஜனவரி 22, திங்கள்

கண் கிளினிக். நீரிழிவு முற்றி, கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசியத் தொடங்கிவிட்டதாம். அந்த டொக்டர் பிள்ளை மெதுவாகத்தான் சொன்னார்: "சீனியைக் குறைக்காட்டி மருந்தாலை மட்டும் ஒண்டும் செய்யேலாதம்மா." பாதித் தட்டு மரக்கறி, சோறு கொஞ்சம், இனிப்பு இல்லவே இல்லை.

அம்மாவுக்குப் பார்வை போனதும் இந்தச் சீனி வருத்தத்தில்தான். கடைசிக் காலத்தில் என் முகத்தைத் தடவித்தான் நான் என்று அறிந்தார். இன்றைக்குத் தையல் மெசினுக்கு நூல் கோர்க்க மகளைக் கூப்பிட்டேன். எனக்கு நாற்பத்தொரு வயது. பயமாக இருக்கிறது.

ஜனவரி 24, புதன்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்கினார். பின்னேரம் தேத்தண்ணியோடு உள்ளங்கையளவு பனங்கட்டி கொண்டுவந்து தந்தார். "சீனி போடேல்லை. பனங்கட்டி சீனியில்லைத்தானே, உடம்புக்குக் குளிர்மை."

அதுவும் இனிப்புத்தானே.

ஜனவரி 28, ஞாயிறு

ஒரு நாள்தானே. ஒரு நாள்தானே. தைப்பூசத்துக்குப் புது அரிசிப் புதிர்ச்சோறு ஒரு நாள். பக்கத்து வீட்டில் செத்தவருக்கு அந்தியேட்டிச் சாப்பாடு ஒரு நாள். அக்காவின் மனிசன் செந்தூரன் அத்தானின் பிறந்தநாள் கேக் ஒரு நாள். வேண்டாம் என்றால் முகம் கறுக்கிறது. உவையின்ரை முகம் கறுக்காமல் இருக்க என்ரை கண் இருண்டு போகவேணுமோ?

பெப்ரவரி 4, ஞாயிறு

இன்றைக்கு அறுவடை, வெட்டு மெசின் வயலில் இறங்கியது. வந்த ஆட்களுக்கு எல்லாம் எங்கள் குசினியில் சாப்பாடு. எனக்கென்று வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் செய்து மூடி வைத்திருந்தேன். தையலை முடித்துவிட்டு வந்து திறந்தால் வெறும் சட்டி. "வந்த ஆக்களுக்குக் கறி காணேல்லை, உதையும் எடுத்துப் போட்டனான். உன்ரை எங்கடை எண்டு என்ன இருக்கு?" என்றார் அக்கா. மிச்சம் கிடந்தது சோறும் உருளைக்கிழங்கும்.

சுஜிதனிடம் சொன்னேன். "சாப்பாட்டுக்காக அண்ணியோடை சண்டை பிடிக்கப் போறியோ?" என்றார், கட்டின மனிசன்.

சாப்பாட்டுக்காக இல்லை. கண்ணுக்காக. நான் குருடியானால் ஆர் என்னைக் கையிலை பிடிச்சுக்கொண்டு திரியிறது? உவரோ?

பெப்ரவரி 6, செவ்வாய்

வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து உலை ஏற்றினேன். குரக்கன் பிட்டு, கீரை, மீன் குழம்பு. நான் நினைத்த அளவு சாப்பிட்டேன். நிம்மதி.

பெப்ரவரி 7, புதன்

நிம்மதியாவது!

முன்வீட்டுச் சிவலட்சுமி புகையைக் கண்டிருக்கிறார். விடியக் கடையில் கதை: "அவை பிரிஞ்சிட்டினம்." அக்கா குசினிக்குள் இருந்து அழுகிறார். அத்தான் முற்றத்தில் நின்று சுஜிதனிடம் கேட்டார்: "தனி உலை வைக்கிறதெண்டா என்னெண்டு உன்ரை மனிசிக்குத் தெரியாதோ?"

தெரியும். காணி பிரிக்கப்போகிற வீட்டில்தான் இரண்டாவது அடுப்பு புகையும். "அத்தான், இது வருத்தத்துக்கு வைச்ச உலை," என்றேன். என்னைப் பாராமலே போனார்.

"கல்லை எடுத்தெறிஞ்சிட்டு அண்ணியிட்டை மன்னிப்புக் கேள்," என்றார் சுஜிதன்.

கேட்க மாட்டேன்.

பெப்ரவரி 13, செவ்வாய்

கேட்கவில்லை. அவர் அக்காவின் குசினியில் சாப்பிடுகிறார், என்னோடு கதைப்பதில்லை. மகள் யதுர்ஷிகா இரண்டு இடத்திலும் சாப்பிடுகிறாள். அவள் பிழைத்துக்கொள்வாள்.

பெப்ரவரி 20, செவ்வாய்

கிளினிக்கில் சீனி நன்றாக இறங்கியிருக்கிறது என்றார்கள். கண்ணில் கசிவு கூடவில்லை. பஸ்சில் வரும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் சொல்ல ஆளில்லை. எரிச்சல்தான் வந்தது.

பெப்ரவரி 25, ஞாயிறு

மத்தியானம் அத்தான் உழவு மெசின் பெட்டியில் நெல் மூட்டைகளை ஏற்றிவந்து எங்கள் அறைக்குள் இறக்கினார். இந்த வெட்டில் சரிபாதி. "தனி உலைக்குத் தனி நெல்லு. இனி உங்கடை சமையல் உங்களோடை," என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த வீட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: சோற்றைக் குறையுங்கோ என்று. இப்போது கட்டில் காலடிவரைக்கும் நெல்.

பொழுதுபட சுஜிதன் அக்காவின் குசினி வாசலுக்குப் போனார். கதவு சாத்திக் கிடந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு பின்னால் வந்து என் அடுப்படியில் குந்தினார்.

பிட்டைக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "சீனி இருக்கோ?" என்றார்.

"இல்லை."

சாப்பிட்டார். தட்டு வெறுமையானதும் என்னைப் பார்த்தார். இன்னும் போடத்தான் கை உன்னியது. போடவில்லை. சட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

"எவ்வளவு வேணுமெண்டு உங்களுக்குத்தானே தெரியும். எடுத்துச் சாப்பிடுங்கோ."