கம்பில்லாத சிலம்பப் பாடம்

ஆவணி 8, திங்கள்

காலையிலேயே வெயில். கடலைச் செடி வாடிக் கிடக்கிறது. மகள் செல்விக்குச் சளி. கஷாயம் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூடவே அழைத்துப் போனேன்.

ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் சிலம்பம் ஆட வேண்டுமாம். ஹெட்மாஸ்டரின் யோசனை.

"உங்கப்பாரு கம்பு சுத்துனவருதானுங்களே வாத்தியாரம்மா? நீங்களே சொல்லிக் குடுத்திருங்க."

நான் கம்பைத் தொட்டதே இல்லை. அப்பா ஆடும்போது வேடிக்கை பார்த்ததில் பெயர்கள் மட்டும் தெரியும். பெயர்களை நான் சொல்லித் தருவது, ஆடக் கற்றுக்கொடுக்க ராசிபுரத்திலிருந்து ஆள் வருவது என்று முடிவு.

மூன்றாம் வகுப்பு. சலாம், காலடி, வீச்சு, வாரல், வெட்டு, குத்து. நான் சொல்ல, அவர்கள் கத்த. எதிராளியின் காலை வாரிவிடுவதுதான் வாரல் என்றதும் ஒரே சிரிப்பு. நெசவுக்காரர் மகள் பாவாயிக்குத்தான் பெரிய சிரிப்பு. செல்விகூடச் சளியை மறந்து கத்தினாள். வீட்டுக்கு வந்தும் எனக்குச் சந்தோஷம் அடங்கவில்லை.

ஆவணி 10, புதன்

மேகம். தூறல் இல்லை. அரிசி தீர்ந்தது. களிதான்.

வெள்ளைக்காரனை எதிர்த்து ரயில் பாதைப் பக்கம் தந்திக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். நேற்று தண்டோரா. கம்பு எடுத்து நடக்கக் கூடாது, சிலம்பம் பழகக் கூடாது, கூட்டம் கூடாது. மேலத்தெருவில் இரண்டு பேரைப் போலீஸ்காரர்கள் பிடித்துப் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார். தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். உள்ளங்கால் இரண்டும் வீங்கி.

ஹெ.மா. முகம் வெளுத்து, "நிறுத்திப் போடுங்க" என்றார். நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் நிறுத்தவில்லை. கிணற்றடியில், கடை வாசலில், ஆடு ஓட்டும்போது, எங்கும் "வெட்டு! குத்து!" செல்வியை அதட்டினேன். இப்போது வாய்க்குள் முணுமுணுக்கிறாள்.

ஆவணி 11, வியாழன்

பயந்தது வந்துவிட்டது.

சைக்கிளில் போன போலீஸ்காரர் காதில் பாவாயியின் கத்தல் விழுந்திருக்கிறது. "யாருடி சொல்லிக் குடுத்தது?" "எங்க வாத்தியாரம்மாங்க." நேரே பள்ளிக்கூடம் வந்தார். என் பெயர், அப்பா பெயர், கணவர் பெயர். அவர் காலமாகிவிட்டார் என்றேன். "அப்போ ஊட்டுல வேற யாரு?" மகள் மட்டும் என்றேன். அதை ஏன் கேட்டார்?

நாளை சப் இன்ஸ்பெக்டர் வருவாராம்.

ஹெ.மா. மாலையில் தனியாகக் கூப்பிட்டார். கை கூப்பினார். "நான் சொல்லித்தான்னு சொல்லிப் போடாதீங்க. எனக்கு நாலு பொண்ணுங்க, வாத்தியாரம்மா." எனக்கும் ஒன்று இருக்கிறது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

செல்வியின் துணிகளை மூட்டை கட்டினேன். என்னைக் கொண்டுபோனால் ராசிபுரத்தில் அக்கா வீடு. அக்காவுக்குச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. கதவுத் தாழ்ப்பாளை எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

ஆவணி 12, வெள்ளி

இன்று எழுத்து கோணல்.

சப் இன்ஸ்பெக்டர் மூன்றாம் வகுப்பைப் புங்க மரத்தடியில் வரிசையாக நிறுத்தினார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஹெ.மா.வைக் கேட்டார். "எனக்கு எதுவுமே தெரியாதுங்க." நான் அவரைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தேன்.

பிறகு பாவாயி. தன் தடியை அவள் கையில் திணித்தார்.

"குத்துன்னா என்ன? செஞ்சு காட்டு."

தடி அவள் உயரம். இரண்டு கையாலும் நட்டுப் பிடித்துத் தரையில் தொம் தொம் என்று இடித்தாள்.

"கம்பு குத்தறதுங்க, சாமி."

"எந்தக் கம்பு?"

"திங்கற கம்புங்க. ஒரல்ல போட்டு."

"வெட்டு?"

"வெறகு வெட்டறதுங்க."

"வாரல்?"

"தலை வாரறதுங்க."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பளாரென்று காதோடு ஓர் அறை. அவள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் "தலை வாரறதுங்க" என்றாள். திங்கட்கிழமை அப்படிச் சிரித்தவளுக்கா வாரல் தெரியாது? எனக்காகச் சொன்னாள். எட்டு வயசு.

வரிசைக் கடைசியில் செல்வி பாவாடையை நனைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. "சொன்னது நான்தான், பிள்ளையை அடிக்காதீர்கள்" என்று ஒரு வார்த்தை. வரவே இல்லை.

"இனி இந்தச் சத்தம் கேட்டுதுன்னா பள்ளிக்கூடத்தையே பூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்னைக் கொண்டுபோகவில்லை.

ஆவணி 13, சனி

லேசான தூறல். அரை நாள் பள்ளிக்கூடம். பாவாயி வரவில்லை.

விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தம் வெளியே கேட்டது. நான் கூப்பிட்டதும் நின்றது. அவள் அம்மா கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"அவளுக்குக் காது எப்படி இருக்கு?"

"ஒரு பக்கம் கேக்கலீங்க."

வைத்தியரிடம் நானே கூட்டிப் போகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. எங்க ஊட்டுக்காரரு இனிப் பள்ளிக்கொடமே வேண்டாம்னுட்டாருங்க. கோவிச்சுக்காதீங்க சாமி, போயிருங்க. உங்களை வாசல்ல பாத்தாலே எங்களுக்குப் பயமா இருக்குதுங்க."

என்னைப் பார்த்துப் பயம்.

உள்ளே யாரோ இருமினார்கள். பாவாயிதான். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். கூப்பிடவில்லை. கதவு சாத்தும் வரை நின்றுவிட்டு, நனைந்துகொண்டே வந்துவிட்டேன்.