காவேரியின் நான்கு பற்கள்

9-1-1939, திங்கள்

வலது கடைவாய்ப்பல் மூன்று நாளாய் உயிரை வாங்குகிறது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கன்னம் வீங்கியதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை என்பதால் பள்ளிக்கூடத்தில் பல் சோதனை. வரிசையாக நிற்கவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். முப்பத்திரண்டு பிள்ளைகள். ஒருத்தன் பல்லாவது வெள்ளையாக இருக்க வேண்டுமே! மஞ்சள், பழுப்பு, சிலதில் கோடு கோடாகக் காப்பிக்கொட்டை நிறம். கரி போட்டுத் தேய், செங்கல்தூள் போட்டுத் தேய் என்று பதினாறு வருடமாகத் தொண்டை வறளக் கத்துகிறேன். ஆளுக்கு ஒரு அடி கொடுத்தேன். குள்ளன் மகன் சின்னன், "ரத்தம் வர்ற வரைக்கும் தேச்சேனுங்க ஐயா" என்றான். பொய் சொன்னதற்கு இன்னொரு அடி.

இதில் எனக்கு என்ன வெட்கம் என்றால், என் வீட்டிலேயே இரண்டு பெண்களுக்கும் அதே பல். நான் பவானி ஆற்றங்கரையில் வளர்ந்தவன். என் சம்சாரம் நஞ்சம்மாளும் அந்தப் பக்கம்தான். எங்கள் இருவர் பல்லும் வெள்ளை. காவேரியும் சின்னவள் தீர்த்தம்மாளும் இந்த ஊரில் பிறந்து இந்த ஊர்ப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "பெத்தவள் நீ, பார்த்துத் தேய்த்துவிடக் கூடாதா" என்று நஞ்சம்மாளைக் கேட்டால், "நீங்கதான் வாத்தியாரு, நீங்களே தேச்சுவுடுங்க" என்கிறாள்.

21-1-1939, சனி

அதியமான்கோட்டையில் பஸ் ஏறித் தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலம் போனேன். பல் டாக்டர் சின்ன வயதுக்காரர், மதராசில் படித்தவர். தையல் மெஷினைப் போலக் காலால் மிதிக்கிற ஒரு யந்திரத்தால் சொத்தையைக் குடைந்து எடுத்தார். மண்டைக்குள் கிணறு வெட்டுகிற சத்தம். பிறகு பாதரசத்தில் ஏதோ பொடியைக் குழைத்து அந்தக் குழியை அடைத்தார். பக்கத்துப் பல்லும் கெட்டுவிட்டதாம், பிடுங்க வேண்டி வரும் என்றார்.

"வெள்ளையா இருக்கிற பல்லுதானே டாக்டர், அதுக்கு என்ன கேடு?" என்றேன். "வெள்ளைக்கும் கேட்டுக்கும் சம்பந்தமில்லீங்க" என்றார். படித்த திமிர்.

3-3-1939, வெள்ளி

பவானியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் சென்னப்பன், ஜமக்காளக் கடையில் கணக்கு எழுதுகிறான். நல்ல குடும்பம். என் பெண் ஒன்றாவது ஆற்றுத் தண்ணீர் குடிக்கப் போகட்டும் என்று எத்தனை நாளாய் ஆசைப்பட்டேன்.

காவேரியைப் பாடச் சொன்னார்கள். உதட்டைத் திறக்காமல் ஒரு பாட்டுப் பாட முடியுமா? பாதியில் பையனின் தாயார் என்னைப் பார்த்து, "பொண்ணு லட்சணந்தானுங்க. பல்லு மட்டும் எந்நேரமும் பாக்குப் போட்டாப்பல இருக்குதுங்களே" என்றார். காவேரி பாட்டை நிறுத்திவிட்டாள். அதைச் சரி பண்ணிவிட்டால் வைகாசியிலேயே முகூர்த்தம் வைக்கலாமாம்.

சரி பண்ணாமல் விடுவேனா.

18-3-1939, சனி

காவேரியை அழைத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். கண்ணாடி வைத்து ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். "இது சொத்தை இல்லீங்க. கறை. மேலே படிஞ்சதும் இல்லை, பல்லோட பிறந்தது. தருமபுரிப் பக்கத்து ஆளுங்க நெறையப் பேருக்குப் பார்த்திருக்கேன். பல்லு ஒண்ணொண்ணும் கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். பல்லைச் சுற்றிலும் அராவி மேலே தங்க உறை போடலாம், ஆனால் முன்பல் நாலும் தங்கமாக மின்னினால் நன்றாக இருக்காது. பீங்கானில் உறை செய்ய மதராசுக்குப் போக வேண்டும். அதற்கும் நல்ல பல்லை அராவத்தான் வேண்டும். "நான் செய்ய மாட்டேன். கை வைக்காதீங்க வாத்தியாரே."

பழுப்பாக இருப்பது நல்ல பல்லாம், வெள்ளையாக இருக்கிற என் பல் கெட்ட பல்லாம். கையாலாகாதவன் இப்படித்தான் பேசுவான்.

1-4-1939, சனி

இன்று முடித்துவிட்டேன். கடைவீதியில் ஒருவர் பல்செட் கட்டுகிறார். கொழும்பில் தொழில் கற்றவர். மேல் வரிசை முன்பல் நாலையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறிய பிறகு ரப்பர் தகட்டில் பீங்கான் பல் வைத்துக் கட்டிக் கொடுப்பாராம். சீமைப் பல். எடுத்துக் காட்டினார். முல்லை மொட்டுத்தான்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு காவேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அந்த டாக்டரு வேண்டாம்னாருங்களே" என்றாள்.

"வாயைத் திற" என்றேன்.

திறந்தாள்.

ஊசி போட்டுத்தான் பிடுங்கினார். லேசில் வரவில்லை. ஒரு காலை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். மூன்றாவது பல்லுக்கு வரும்போது ஊசியின் மரப்பு போய்விட்டது போலிருக்கிறது. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். "முப்பது வருசத்துல இப்படிக் கெட்டியான பல்லைப் பார்த்ததில்லீங்க" என்று அவரே வேர்வையைத் துடைத்தார். கிண்ணத்தில் கிடந்ததைப் பார்த்தேன். வேரெல்லாம் சுத்தமாக இருந்தது. பரவாயில்லை, கெடுவதற்கு முன்பே எடுத்தாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

3-4-1939, திங்கள்

கஞ்சி மட்டும் குடிக்கிறாள். சின்னவளைப் பொம்மிடியில் மைத்துனன் வீட்டுக்கு, நாங்கள் சேலம் போவதற்கு முந்தின நாளே அனுப்பிவிட்டேன். பதினோரு வயது. இங்கே இருந்தால் ஊரெல்லாம் உளறிவிடும்.

7-5-1939, ஞாயிறு

பல்செட் போட்டாயிற்று. என்ன அழகு! நஞ்சம்மாள் பார்த்துவிட்டு அழுகிறாள். எதற்கு அழுகை என்று தெரியவில்லை. அதட்டினேன்.

பவானிக்குக் கடிதம் போட்டேன். சேலத்தில் மருந்து போட்டுப் பல்லை வெளுக்கவைத்துவிட்டோம் என்று எழுதினேன். பிடுங்கியது தெரிந்தால் ஊனமுள்ள பெண் என்பார்கள். மணையில் உட்காரவிட மாட்டார்கள். காவேரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: புருஷன் முன்னாலும் கழற்றக் கூடாது, மாமியார் முன்னாலும் கழற்றக் கூடாது, தூங்கும்போதும் கழற்றக் கூடாது. "தங்கச்சிகிட்ட?" என்றாள். அவளிடமும் மருந்து என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன்.

9-6-1939, வெள்ளி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தியம்மாள் எல்லோரிடமும் மருமகளின் பல்லைப் பற்றியே பேசினார்.

12-11-1940, செவ்வாய்

பவானி போய்வந்தேன். காவேரி இளைத்துவிட்டாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். அடக்கமான பெண் என்று மெச்சுகிறார்கள். என்னிடம் மட்டும், தகடு ஈற்றை அறுக்கிறது, தலையணையில் ரத்தம் படுகிறது என்றாள். விடியுமுன் ஆற்றுக்குப் போய்ப் பாறை மறைவில் கழற்றிக் கழுவிக்கொள்கிறாளாம்.

பழகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல?

17-2-1942, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

சுகாதார இலாகா டாக்டர் ஒருவர் வந்தார். ஊர்க்கிணறுகளில் தண்ணீர் பிடித்துச் சீசா சீசாவாக அடைத்துக்கொண்டார். பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வாயைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "பல் தேய்க்கிறதே இல்லை சார், சோம்பேறிக் கழுதைகள்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுங்கள்ல ஒண்ணுக்காவது சொத்தை இருக்கா, நீங்களே காட்டுங்க" என்றார். காட்ட முடியவில்லை. "உங்களுக்கு எத்தனை பல் போச்சு?" ஐந்து என்றேன். "நீங்க இந்த ஊர்ல பொறந்தவர் இல்லை, சரிதானே?"

கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரின் என்று ஒரு சத்து இருக்கிறதாம். பிள்ளைக்குப் பல் முளைப்பதற்கு முன்பே உள்ளே இறங்கிவிடுமாம். அதனால் வருகிற கறை எதைத் தேய்த்தாலும் போகாது. ஆனால் பல் கெட்டி, லேசில் சொத்தை விழாது. சேலத்து டாக்டர் சொன்ன அதே பேச்சு.

"அப்படின்னா இதுங்க மேல தப்பே இல்லையா?" என்று கேட்டேன். "தண்ணி குடிச்சது தப்புன்னா தப்புதான்" என்று சிரித்தார்.

ஐயோ, பத்தொன்பது வருடம் திங்கட்கிழமை தவறாமல் அடித்தேனே. ரத்தம் வரத் தேய்த்தேன் என்றவனையும் அடித்தேனே. அதாவது போகட்டும், அடி ஆறிவிடும். பெத்த பொண்ணு தலையை இந்தக் கையால புடிச்சுக்கிட்டேனே, பாவி நான். நல்ல பல்லுன்னு ஒருத்தன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே.

நஞ்சம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.

22-5-1943, சனி

காவேரி தனியாக வந்திருக்கிறாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே உள்ளே நுழைந்தாள். ஆற்றில் கழுவும்போது பல்செட் கை நழுவிப் பாறையில் விழுந்து இரண்டாகிவிட்டது. பல்வலி, அப்பாவுடன் சேலம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மாமியார் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார். தீர்த்தம்மாளைத் தம் இளைய மகனுக்கே எடுத்துக்கொள்கிறாராம். "பெரியவளுக்குப் போட்ட அந்த மருந்தையே சின்னவளுக்கும் போட்டுவிடுங்கள்."

கடிதத்தைத் தீர்த்தம்மாளே வாங்கி உரக்கப் படித்தாள். பதினைந்து வயது. ஒரே குதி. "அப்பா, எப்பப் போலாம் சேலத்துக்கு?" என்கிறாள்.

24-5-1943, திங்கள்

பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் சேலம் போனோம், நானும் காவேரியும். கடைவீதிக்காரர், "ரப்பரு எங்கீங்க இருக்கு? மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போன பொறவு ஒரு துண்டு வரலை. சீமைப் பல்லும் வரலை. சண்டை முடியட்டும்" என்றார். உடைந்ததை ஒட்டவும் அதே ரப்பர்தான் வேண்டுமாம்.

பழைய டாக்டரிடம் போக எனக்கு முகமில்லை. காவேரிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவருக்கு ஞாபகம் இருந்தது. ஈற்றைப் பார்த்துவிட்டு, புண் ஆழமாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு எதையும் வைக்கக் கூடாது, பக்கத்துப் பல் இரண்டும் ஆடுகிறது என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

30-5-1943, ஞாயிறு

காலையில் தீர்த்தம்மாள் கொல்லையில் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு மட்டும் வெள்ளைப் பல்லு, நான் இப்படியே கெடக்கணுமாக்கா? அந்த மருந்து எரியுமா? எரிஞ்சாலும் பரவாயில்லை, நான் தாங்கிக்குவேன்" என்று கெஞ்சினாள். நான் கிணற்றடியில் நின்றிருந்தேன்.

காவேரி முந்தானையை எடுத்தாள். தங்கையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வாயை நன்றாகத் திறந்து காட்டினாள்.

"பாரு. இதான் மருந்து."

அந்த வாயை நானும் இத்தனை வருடத்தில் இன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன். இருபது வயதுப் பெண்ணின் மேலுதடு உள்ளே விழுந்து கிடக்கிறது. ஈறு ரணமாக இருந்தது. தீர்த்தம்மாள் தன் பல்லைக் கையால் மூடிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தாள்.

காவேரி என்னிடம் வந்தாள். "பவானிக்குக் காயிதம் எழுதுங்கப்பா. நான் சொல்றேன்."

"எழுதினா உன் வாழ்க்கை என்னாகும் கண்ணு?"

"எழுதலைன்னா இவ பல்லு போயிரும்."

தெளிவாக வராத பேச்சில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மருந்து என்பது பொய். நல்ல பல் நாலைப் பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல் வைத்தது. இப்போது அதுவும் இல்லை. தங்கையின் பல் நிறம் அப்படித்தான் இருக்கும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. கடைசியில், பொய் சொன்னதும் சொல்லவைத்ததும் நான்தான் என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன். அவள் படித்துப் பார்த்தாள். அந்த வரியை அடித்துவிடவில்லை.

10-7-1943, சனி

மாப்பிள்ளை வந்தார். காவேரியின் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வாசலிலேயே இறக்கினார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"பல்லு இல்லாததுக்காகச் சொல்லலீங்க மாமா. நாலு வருசம் ஒரே வூட்டுல இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

நான் வாயைத் திறப்பதற்குள் காவேரி நிலைப்படிக்கு வந்துவிட்டாள். முகத்தை மூடவில்லை. "சொல்லாதது தப்புத்தானுங்க. தலகாணியில ரத்தம் இருக்கும். தெனமும் பாத்தீங்க. நீங்களும் ஒரு வார்த்தை கேக்கலை."

அம்மா சம்மதிக்க மாட்டார் என்றார் மாப்பிள்ளை. பிறகு வண்டியில் ஏறிவிட்டார்.

நஞ்சம்மாள் அடுப்படியில் அழுதபடியே களி கிண்டினாள். காவேரி எங்களோடு வரிசையில் வந்து உட்கார்ந்தாள். உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள். கடைவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். தீர்த்தம்மாள் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தேன்.

"என்னையப் பாத்துச் சாப்பிடுங்கப்பா" என்றாள்.

பார்த்தேன்.